மாத்திரை வீட்டில்... சாப்பாடு ஓட்டலில்!

சனிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. காய்கறிக் கூடையில் இரண்டு கத்தரிக்காயும், வாடிப்போன கொத்தமல்லியும்தான் மிச்சம். "இன்னிக்கும் உப்புமாவாம்மா?" என்று சின்னவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறான். உடனே உங்கள் வீட்டுக்காரர், "விடு, எல்லாருமா வெளியில போய் சாப்பிட்டுட்டு வந்துடலாம்" என்கிறார். அந்த நிமிடம் உங்கள் முகத்தில் ஒரு சந்தோஷம் வருமே... அதை நான் குறை சொல்லவே மாட்டேன். வாரம் முழுக்க அடுப்படியில் நிற்கிறவளுக்கு, யாரோ சமைத்து, யாரோ பரிமாறி, யாரோ பாத்திரம் கழுவுகிற ஒரு வேளைச் சாப்பாடு டானிக் மாதிரிதான்!

ஆனால், கிளம்புகிற அவசரத்தில் வீட்டுப் பெரியவரின் மாத்திரை டப்பாவை மறந்துவிடாதீர்கள். அது எங்கே இருக்கிறது, அதை எப்போது போட வேண்டும் என்று யோசிக்காமல் கிளம்பிய ஒரு சனிக்கிழமையை நாங்கள் இன்னும் மறக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் வீடு சென்னை அண்ணா நகரில். 1968-ல் நடந்த பெரிய வர்த்தகக் கண்காட்சிக்காக இங்கே கட்டிய டவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதன் பிறகுதான் நடுவக்கரை போன்ற பழைய கிராமப் பகுதிகள் அகலமான சாலைகளோடு திட்டமிட்ட நகராக மாறின. ரவுண்டானாவிலிருந்து திருமங்கலம் வரை போகிறதே, அதுதான் இரண்டாவது அவென்யூ. நான் கல்யாணமாகி வந்த புதிதில் எங்கள் குடும்பம் போனது இரண்டே ஓட்டல்களுக்குத்தான். ஒன்று, இட்லி காபிக்கு. இன்னொன்று, பிறந்தநாள் வந்தால்!

இன்றைக்கு அந்தச் சாலையில் ராத்திரி எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். ஒரு பக்கம் மந்தி பிரியாணி, எதிரில் கொரியன் நூடுல்ஸ், பக்கத்திலேயே வாஃபிள், மோமோ, ஷவர்மா. நேற்று வரை குடியிருந்த தனி வீடு, இன்று காம்பவுண்டுக்குள் மேஜை போட்ட காபிக் கடை! 2017-ல் மெட்ரோ ரயில் வந்த பிறகு மற்ற பேட்டைகளில் இருந்தெல்லாம் பிள்ளைகள் இங்கே சாப்பிட வருகிறார்கள். வாசலில் பெயர் எழுதி, டோக்கன் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து காத்திருப்பது இப்போது சகஜமாகிவிட்டது.

அந்தக் காத்திருப்புதான் எங்களை மாட்டிவிட்டது.

அன்று நடந்தது...

என் மாமனாருக்கு எழுபத்திரண்டு வயது. பதினைந்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை விஷயத்தில் கடிகாரம் தோற்றுவிடும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், சரியாக ஏழே முக்காலுக்கு, ஒரு மாத்திரை. அன்றைக்கும் அதே மாதிரி வீட்டிலேயே போட்டுக்கொண்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எட்டேகாலுக்கு ஓட்டல் வாசலில் நிற்கிறோம். எங்களுக்கு முன்னால் பதினோரு குடும்பம். "இருபது நிமிஷம் சார்" என்றார் டோக்கன் கொடுத்தவர். இருபது நிமிஷம் நாற்பது ஆயிற்று. ஒன்பது மணி வாக்கில் மாமா எதற்கோ சின்னவன்மேல் எரிந்து விழுந்தார். அவர் கோபப்படுகிற மனிதரே இல்லை. பார்த்தால் நெற்றியெல்லாம் வேர்வை. "கூட்டத்துல புழுக்கமா இருக்கு, அதான்" என்று அத்தை முந்தானையால் விசிறினார். பெரியவள்தான் அவர் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, தாத்தா கை சில்லுனு இருக்கு, நடுங்குது" என்றாள்.

நல்லவேளையாக நாலு கடை தள்ளி ஒரு டீக்கடை. என்னவர் ஓடிப்போய் ஒரு டம்ளர் தண்ணீரில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் கலக்கிக் கொண்டு வந்தார். குடித்த கால்மணி நேரத்தில் மாமாவின் முகம் தெளிந்தது. "என்னம்மா, இன்னும் நம்ம நம்பர் வரலியா?" என்று சிரித்தார். எனக்குத்தான் கால் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் எங்கள் டாக்டர் விளக்கினார். சில வகை சர்க்கரை மாத்திரைகள், உதாரணமாக கிளிமிபிரைடு, கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். இன்சுலின் ஊசியும் அப்படித்தான், நேரடியாக வேலையைத் தொடங்கிவிடும். அரை மணியில் சாப்பாடு வரும் என்ற கணக்கில்தான் அந்த மருந்து. சாப்பாடு வராவிட்டால் அது காத்திருக்காது! ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையையே இறக்கிக்கொண்டு போகும். அளவு 70-க்குக் கீழே போனால் வேர்வை, நடுக்கம், படபடப்பு, பசி, காரணமில்லாத கோபம், குழப்பம் எல்லாம் வரும். இன்னும் இறங்கினால் மயக்கம், வலிப்பு வரை போய்விடும். "ரெண்டு நாள் ஷுகர் ஏறியிருந்தா மெதுவா சரி பண்ணிக்கலாம். இறங்கினா நிமிஷக் கணக்கு" என்றார் டாக்டர்.

நம் வீடுகளில் சர்க்கரை என்றாலே ஏறுவதை மட்டும்தான் பயப்படுகிறோம். 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர். - இன்டியாப் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. அப்படியானால் ஓட்டல் வாசலில் டோக்கனோடு நிற்கிற கூட்டத்தில் எத்தனை மாமாக்கள் இருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்!

கிளம்பும் முன்...

முதலில் டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "வெளியில் சாப்பிடுகிற நாளில் இந்த மாத்திரையை எப்போது போடுவது?" எல்லா மாத்திரையும் ஒன்றல்ல. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை இப்படிச் சட்டென்று இறங்குவது அபூர்வம். இன்சுலின் போடுகிறவர்களும், கணையத்தைத் தூண்டும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும்தான் உஷாராக இருக்க வேண்டும். எங்கள் டாக்டர் மாமாவுக்குச் சொன்னது: "மாத்திரையைப் பையில வச்சுக்குங்க. மேஜையில உட்கார்ந்து ஆர்டர் கொடுத்த பிறகு போட்டுக்குங்க." உங்கள் டாக்டர் வேறு மாதிரி சொல்லலாம். அவர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும். "வெளியில போறோமே" என்று நீங்களாகவே மாத்திரையை விட்டுவிடவும் கூடாது.

இரண்டாவது, சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். மூன்று டீஸ்பூன், அதாவது 15 கிராம், தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்துப் பார்க்க வேண்டும். குறையாவிட்டால் இன்னொரு தடவை. சரியானதும் உடனே சாப்பிட வைக்க வேண்டும். "சர்க்கரை போதாதா?" என்று கேட்பீர்கள். பெரும்பாலோருக்குப் போதும். ஆனால் வாக்ளிபோஸ், அகார்போஸ் சேர்ந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வீட்டுச் சர்க்கரை வேகமாக வேலை செய்யாது. அந்த மாத்திரையே அதைத் தடுக்கும். அவர்களுக்கு குளுக்கோஸ்தான் வேண்டும். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தை இன்றைக்கே படித்துப் பாருங்களேன். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

மூன்றாவது, நேரம். ஒன்பது மணிக்குப் போய் பத்தரைக்குச் சாப்பிட்டு பதினோரு மணிக்குப் படுத்தால் யார் வயிறுதான் சும்மா இருக்கும்? ஏழு மணிக்கே போய்ப் பாருங்கள். கூட்டம் இருக்காது, டோக்கன் இருக்காது, சமையலறையும் பரபரப்பில்லாமல் இருக்கும். நாங்கள் இப்போது முன்கூட்டியே போன் செய்து மேஜை சொல்லி வைத்துவிடுகிறோம்.

உள்ளே நுழைந்ததும்...

விளக்கு அலங்காரத்தைப் பார்ப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமம் மாட்டியிருக்க வேண்டும். அதில் 14 இலக்க எண் இருக்கும். 2022 ஜனவரி முதல் அந்த எண்ணை பில்லிலும் அச்சிட வேண்டும் என்பது விதி. அப்புறம் கை கழுவுகிற சாக்கில் கழிவறைப் பக்கம் ஒரு நடை போய் வாருங்கள். வாடிக்கையாளர் கண்ணில் படுகிற இடத்திலேயே சோப்பு இல்லையென்றால், கண்ணில் படாத சமையலறை எப்படி இருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்!

சமைத்த சாப்பாடு ஒன்று சூடாக இருக்க வேண்டும், அல்லது ஜில்லென்று இருக்க வேண்டும். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் குஷியாகப் பெருகும். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற கணக்கு இது. பஃபே சாப்பாட்டில் மூடியைத் திறந்ததும் ஆவி வருகிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பாத்திரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஃப்ரைடு ரைஸ் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்து இருக்கும். சோறு வேகும்போது அது சாகாது. வடித்த சோற்றை வெளியிலேயே மணிக்கணக்கில் வைத்தால் முளைத்து விஷத்தை உண்டாக்கும். வாந்தி வர வைக்கிற அந்த விஷம், மறுபடி வாணலியில் போட்டு எவ்வளவு வதக்கினாலும் போகாது. அதனால் ஓட்டலில் புளித்த வாடையோ, பிசுபிசுப்போ தெரிந்தால் சர்வரைக் கூப்பிட்டுத் திருப்பி அனுப்புங்கள். "காசு குடுத்தாச்சே" என்று சாப்பிடாதீர்கள்.

ஷவர்மா விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். கம்பியில் சுற்றுகிற இறைச்சியின் வெளிப்பக்கம்தான் முதலில் வேகும். கூட்டம் அதிகமானால் வெந்ததும் வேகாததுமாகச் சீவிப் போட்டுவிடுவார்கள். 2022 மே மாதம் கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில் ஒரு மாணவியும், 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஒரு பள்ளிச் சிறுமியும் ஷவர்மா சாப்பிட்ட பிறகு இறந்ததை நாம் மறக்கக்கூடாது. அதனுடன் தடவுகிற மயோனைஸ் பச்சை முட்டையில் செய்ததாக இருந்தால் ஆபத்து இரட்டிப்பு. 2025 ஏப்ரலில் தமிழக அரசு பச்சை முட்டை மயோனைஸுக்கு ஓராண்டு தடை விதித்ததே அதற்காகத்தான். "முட்டை இல்லாத மயோனைஸா?" என்று கேட்டு வாங்குங்கள். பிள்ளைகள் வெட்கப்படுவார்கள்தான். பரவாயில்லை!

மெனு கார்டைக் கையில் எடுத்தால்...

10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்கள், ஒவ்வொரு அயிட்டத்துக்கும் எத்தனை கலோரி என்று மெனுவில் போட வேண்டும். 2022 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. விலையைப் பார்க்கிற கண், பக்கத்திலேயே இருக்கிற அந்தச் சின்ன எழுத்தையும் பார்க்கட்டும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம். ஐந்து பேருக்கு மூன்று பேர் சாப்பாடுதான் முதலில் ஆர்டர். நடுவில் வைத்துப் பங்கு போட்டுக்கொள்வோம். போதாவிட்டால் அப்புறம் கேட்டுக்கொள்ளலாம். பசியோடு ஆர்டர் கொடுத்தால் கண்தான் சாப்பிடும், வயிறு அல்ல.

முதலில் காய்கறி, பருப்பு, பனீர், மீன், கோழி என்று வரட்டும். நானும் சோறும் பிறகு. இந்த வரிசையில் சாப்பிட்டால் சர்க்கரை திடீரென்று எகிறுவது குறையும். வெண்ணெய் வழிகிற கிரேவி ஒன்று சொன்னால், இன்னொன்று தந்தூரியாகவோ, ஆவியில் வெந்ததாகவோ இருக்கட்டும். ஒரு கிராம் மாவுச்சத்தில் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பில் 9 கலோரி. அதனால் கலோரி ஏறுவது பெரும்பாலும் எண்ணெயில்தான். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெய்க்கும் சட்டத்தில் எல்லை உண்டு. அதில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் 25 சதவிகிதத்தைத் தாண்டக்கூடாது என்று 2018 ஜூலையிலிருந்து விதி. நம் கையில் கருவி இல்லை. ஆனால் மூக்கு இருக்கிறதே! பஜ்ஜியிலோ சிக்கனிலோ காறல் வாடை அடித்தால் அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

உப்பு ஒரு நாளைக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் என்பதுதான் கணக்கு. சூப், சாஸ், ஊறுகாய், அப்பளம் என்று ஓட்டலில் ஒரே வேளையில் அந்தக் கணக்கு முடிந்துவிடலாம். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாஸைத் தட்டின் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள். "அஜினோமோட்டோ போடாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோயா சாஸைக் கவிழ்த்து ஊற்றிக்கொள்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்! எடைக்கு எடை பார்த்தால் அஜினோமோட்டோவில் இருக்கிற சோடியம் உப்பில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான். சோயா சாஸோ உப்புக் கரைசல் மாதிரி.

குடிப்பதற்கு என்ன? 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம், அதாவது ஆறு டீஸ்பூன் சர்க்கரை. ஒரு நாளைக்கே அவ்வளவுதான் அளவு! கலர் கலராக வருகிற மாக்டெயிலும் அப்படித்தான். ஃபிரெஷ் லைம் சோடா, உப்புக் குறைத்து, சர்க்கரை இல்லாமல் கேட்டால் தருவார்கள். மோர் இருந்தால் அதைவிட விசேஷம்.

குழந்தைகளுக்கு "வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் எடுபடாது. "ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு ஐஸ்க்ரீம்" என்றால் எடுபடும். பளீரென்ற சிவப்பில் எது வந்தாலும் ஒரு கேள்வி கேளுங்கள். பஞ்சு மிட்டாயில் ரோடமின் பி என்ற துணிச்சாயம் இருந்ததைக் கண்டுபிடித்துத்தான் 2024 பிப்ரவரியில் தமிழகத்தில் தடை போட்டார்கள். புகை வருகிற பிஸ்கட், ஐஸ்க்ரீம் பக்கம் பிள்ளைகளை விடவே வேண்டாம். அந்தப் புகைக்குக் காரணம் திரவ நைட்ரஜன். முழுதும் ஆவியாகிப் போகுமுன் வாயில் போட்டால் வாயும் வயிறும் புண்ணாகிவிடும்.

வீடு திரும்பும்போது...

மிச்சத்தை பார்சல் கட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு? ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போக வேண்டும். மறுநாள் ஆவி பறக்கச் சூடு பண்ணி, ஒரே வேளையில் முடித்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசல் கொடுங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இருந்தால் ரொம்ப நல்லது. காய்ச்சல், மலத்தில் ரத்தம், சிறுநீர் குறைவது, குழந்தை துவண்டு போவது, இதில் ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் போகத் தாமதிக்கக் கூடாது. பெரியவர்களுக்கும், கர்ப்பிணிகளுக்கும் இதே எச்சரிக்கை. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவருக்கு வாந்தி எடுத்தால் அன்றே டாக்டருக்கு போன் செய்து, அடுத்த வேளை மாத்திரையைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

காரில் ஏறுவதற்கு முன் ஒரு பதினைந்து நிமிடம் மெதுவாக நடங்கள். சாப்பிட்டபின் நடக்கிற நடை, சர்க்கரை ஏறுவதை நன்றாகவே குறைக்கும். நாங்கள் இரண்டாவது அவென்யூவிலிருந்து டவர் பூங்கா வாசல் வரை நடந்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறோம். பல வருடம் மூடிக் கிடந்த அந்த டவரை 2023-ல் திரும்பத் திறந்தார்கள் இல்லையா, அன்றிலிருந்து மாமாவுக்கு அந்தப் பக்கம் போனாலே உற்சாகம். "கண்காட்சி நடந்தப்போ எங்கப்பா தோள்ல உட்கார்ந்து பார்த்தேன்" என்று ஆரம்பிப்பார். "அப்போ உங்களுக்குப் பதினாலு பதினஞ்சு வயசு இருக்குமே, தோள்லயா தூக்கினார்?" என்று அத்தை மடக்குவார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

அந்தச் சிரிப்புக்காகத்தானே வெளியில் சாப்பிடப் போகிறோம்? நீங்களும் போய் வாருங்கள், சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். வீட்டைப் பூட்டும்போது கேஸை மூடினோமா, ஃபேனை நிறுத்தினோமா என்று பார்ப்பீர்களே... அதோடு இன்னும் ஒரு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் இப்போது சின்னவன்தான் வாசலில் நின்று கேட்கிறான்:

"தாத்தா, மாத்திரை பையில இருக்கா? குளுக்கோஸ்?"

"இருக்குடா, இருக்கு. நீ முதல்ல செருப்பை மாட்டு!"